பதினோரு பிள்ளைகள் குடித்த தண்ணீர்

சமையலக்காவைப் போன வாரக் கதையில் பள்ளிக்கூடத்து வாசலில், பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு வந்தோம். பதினாறு வருஷம் அந்தச் சமையலறையில் நின்று வெந்தவள். பதினோரு பிள்ளைகள் ஒரே மதியத்தில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்த பிறகு, "விசாரணை முடியுற வரைக்கும் நீங்க வர வேணாம்மா" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். கேட்டை மட்டும் உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார்.

இன்றைக்கு ஒன்பதாவது நாள்.

பத்துப் பிள்ளைகள் தேறி எழுந்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு கிடக்கிறாள். எப்போதும் தட்டை இரண்டாவது தடவையும் நீட்டுகிற பிள்ளை அது. அந்தத் தட்டு நினைவுக்கு வந்தால் சமையலக்காவுக்குச் சாப்பாடு தொண்டையைத் தாண்டுவதில்லை.

காலை ஏழரை மணிக்கு அவள் புருஷன் ஒரு தாளை மேஜைமேல் வைத்தான். பேனாவின் மூடியைக்கூட அவனே கழற்றி வைத்திருந்தான்.

"படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுடு."

ஊரில் அவனுக்கு செக்ரட்டரி என்றுதான் பேர். மலைச்சரிவில் நிற்கும் இருபத்திரண்டு காற்றாலைகளுக்காகக் கம்பெனி வருஷாவருஷம் ஊருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிறது. அதில் என்ன செய்யலாம் என்று முடிவுசெய்ய ஒரு குழு. அந்தக் குழுவுக்கு இவன் செயலாளர்.

அவள் படித்தாள். 'அன்றைய தினம் பாத்திரங்களைச் சரிவரக் கழுவாதது என் கவனக்குறைவே. நடந்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' குண்டு குண்டான, அழகான எழுத்து. அவனுடையது.

"நான் கழுவலைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆகணும்? மூணு மணிக்குக் கம்பெனி மேடம் வர்றாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப் போறாங்க. ஆஸ்பத்திரிக்கு முழுநேர நர்ஸ், பக்கத்து ரெண்டு ஊருக்கும் குடிதண்ணி பைப், நம்ம பசங்களுக்கு டவர் வேலைக்குப் பயிற்சி. இவ்வளவும் கைக்கு வர்ற நேரத்துல, பிள்ளைங்க ஏன் வாந்தி எடுத்துச்சுன்னு ஒரு கேள்வி வந்து குறுக்க நிக்கக் கூடாது."

"அதனால நான் போய்க் குறுக்க படுத்துக்கணுமா?"

"ரெண்டு மாசந்தான். அப்புறம் நானே பேசி உனக்கு வேற வேலை வாங்கித் தர்றேன்."

அவள் பேனாவைத் தொடவில்லை. ஒன்பது நாளாக அவள் மண்டைக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் செய்தது காய்கறி சாம்பார். குமுறக் குமுறக் கொதித்தது. பாத்திரங்களுக்கு வெந்நீர் ஊற்றியது அவள் கைதான். அவள் அடுப்பில் கொதிக்காமல் வெளியே போனது எதுவுமே இல்லை. பிறகு எது?

அந்த நேரம் பார்த்து மகள் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நாலாம் வகுப்பு. மூலையில் கவிழ்த்திருந்த தண்ணீர் கேனிலிருந்து தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

"பாட்டில மறந்துடாத," என்றான் அப்பன்காரன். "ஸ்கூல் குழாய்ல வாய வெக்கக் கூடாது. சொல்லியிருக்கேன்ல?"

"தெரியும்ப்பா. தினம் சொல்றீங்க."

தினம் சொல்கிறான். ஆமாம், தினம்தான் சொல்கிறான். எட்டு மாதமாக இந்தப் பாட்டுதான். எட்டு மாதமாகத்தான் வீட்டுக்குக் கேன் வருகிறது. 'அந்தத் தண்ணி ருசி எனக்குப் பிடிக்கல' என்று ஒருநாள் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். ஆம்பளைகளின் நாக்கு ருசிக்கு ஏன் எதற்கு என்று யார் கேட்டுக்கொண்டிருப்பது?

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். சமையலக்கா அவள் போவதையே பார்த்தாள். நாலாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் விழுந்தார்கள். அதில் இரண்டு பேர் இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். இவளுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க. ஸ்கூல் தண்ணியில என்ன இருக்கு?"

"தண்ணியில என்ன இருக்கும்? தண்ணி இருக்கும்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டான். "எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. நாற்காலி எடுத்துப் போடவே ஆள் இல்ல. மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு வை."

கிளம்பிப் போனான். அவள் கண்ணை மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

*

கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிற பிளான்ட் வந்த கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் கிணற்றைத் தோண்டினால் உப்பு. துணி வெளுக்காது, பருப்பு வேகாது, பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் காவி. காற்றாலைக்காரர்கள் வந்து முதல் கூட்டம் போட்டபோது, ஆம்பளைகள் எல்லாரும் நில வாடகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து சமையலக்காதான் எழுந்தாள். "நிலம் இருக்குறவங்களுக்கு வாடகை வரும். நிலம் இல்லாதவங்க மேலயும் இதே காத்துதான அடிக்குது? எங்களுக்கு நல்ல தண்ணி குடுங்க" என்றாள்.

கை தட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கைதட்டலில் பாதி அவள் புருஷனைக் கொண்டுபோய்ச் செயலாளர் நாற்காலியில் உட்கார வைத்தது.

சொன்னபடி பிளான்ட் வந்தது. மின்சாரம் காற்றாலையிலிருந்து, ஊருக்குச் செலவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. பள்ளிக்கூடத்துக்குத் தனிக் குழாய். கெட்டிலின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவது நின்றது. டவரில் உள்ளூர்ப் பையன்கள் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. குழு சிபாரிசு செய்தால் வேலை. அந்த ஒன்பதில் ஒருவன் அவள் தம்பி.

அந்தத் தம்பியைத் தேடித்தான் இப்போது அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

பதினேழாம் நம்பர் டவரின் அடியில் அவன் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் இறங்கியிருக்கிறான். இடுப்புப் பெல்ட்டை அவிழ்க்கவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னக்கா, இந்த வெயில்ல?"

"பிளான்ட்டைத் திறக்கணும்."

அவன் தண்ணீர் குடிக்கப் போனவன் நிறுத்தினான். "சாவி மாமாகிட்ட இருக்கும்."

"மீட்டர் ரூம் சாவி உங்கிட்ட இருக்கு. மீட்டர் ரூமுக்கும் பிளான்ட்டுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு. வெறும் தாழ்ப்பாள்தான். திறப்பு விழா அன்னிக்கு நான்தான் அந்த ரூமைக் கழுவிவிட்டேன், எனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு வேணாம்க்கா. மேடம் வர்றாங்க. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு நான் பாத்திரம் கழுவாதவளா ஆயிடுவேன்டா."

அவன் பெல்ட்டை அவிழ்த்துப் பெட்டியில் போட்டான். பூட்டினான். பூட்டினோமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு பைக்கை எடுத்தான்.

*

பிளான்ட்டின் வெளிச்சுவருக்குப் புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது. வாசலில் பூத்தொட்டிகள். 'தூய நீர், நம் உரிமை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மூன்று மணிக்கு மேடத்தை அங்கே நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள் போல.

மீட்டர் அறை வழியாக உள்ளே போனார்கள். தாழ்ப்பாளைத் தூக்கியதும் முகத்தில் அறைந்தது நாற்றம். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. ஈரத்துணியை மாசக்கணக்கில் பொட்டலம் கட்டி வைத்த மாதிரி. சமையலறையில் பதினாறு வருஷம் இருந்தவளுக்கு நாற்றங்கள் அத்துப்படி. இது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சுவரோரமாக வரிசையாக நாலு நீலக் கூடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளை வெளேரென்று ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும். அதைத் தாண்டி, கிருமியைக் கொல்லுகிற விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரியவில்லை. அதன் கண்ணாடிமேல் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"முதல் கூட்டைக் கழட்டு."

தம்பி ஸ்பேனரை மாட்டித் திருகினான். கை வழுக்கியது. மறுபடி திருகினான். கூடு கழன்று வந்தது.

உள்ளே ஃபில்டர் இல்லை. பச்சையும் கறுப்புமாக, சளி மாதிரிக் கொழகொழவென்று ஏதோ பாதி உயரத்துக்கு நின்றது. அவன் கூட்டைச் சாய்த்ததில் அது மெதுவாக அசைந்தது. அடியிலிருந்து ஒரு பல்லி மேலே மிதந்து வந்தது. பல்லி என்பதுகூட வாலை வைத்துச் சொன்னதுதான். மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தது.

தம்பி கூட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஓடினான். அவன் ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும். தட்டை நீட்டுகிற அந்தச் சின்னக் கை, குழாயில் டம்ளரைப் பிடித்து, கடகடவென்று குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவருவது கண்முன்னால் ஓடியது. தினமும் பார்த்த காட்சி. "மெதுவா குடிடி, புரை ஏறப்போகுது" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மற்ற மூன்று கூடுகளையும் அவளே கழற்றினாள். மூன்றும் காலி. மூன்றிலும் அதே சளி.

கிணற்றுத் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இந்தக் கூடுகளை எல்லாம் எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக ஊருக்குப் போகிற பைப்பில் போய்ச் சொருகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் அப்படியே போகிறது. எட்டு மாதமாகத் தண்ணீர் கரித்ததற்கு மழை இல்லை என்று ஊரும், பருப்பு வேகாமல் இழுத்ததற்குப் பருப்பு மட்டம் என்று அவளும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கோ காற்றாடிகள் சுற்றிச் சுற்றி மின்சாரம் அனுப்ப, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடி, மோட்டார் அழுக்கை அள்ளி வீடு வீடாக ஊற்றிக்கொண்டிருக்கிறது.

சொருகிய இடத்தில் ஒழுகாமல் இருக்க ஒரு துணியைச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தது. கட்டம் போட்ட துணி. குனிந்து பார்த்தாள். ஓரத்தில் தீய்ந்த வட்டம்.

அவள் வீட்டு அடுப்பங்கரைத் துணி. சூடான மூடியைப் பிடித்துத் தீய்த்துக்கொண்டது அவள்தான். எங்கே போச்சு என்று ஒரு வாரம் தேடியிருக்கிறாள்.

*

அவள் ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தச் சளியை அள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பூட்டு திறந்தது. செக்ரட்டரி உள்ளே வந்தான். விழாவுக்கென்று தேய்த்த சட்டை, சென்ட் வாசனை. அந்த நாற்றத்தோடு சென்ட்டும் சேர்ந்தபோதுதான் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஜாடியைப் பார்த்தான். மீட்டர் அறைக் கதவோரம் வாயைத் துடைத்துக்கொண்டு நின்ற மைத்துனனைப் பார்த்தான். பின்னால் திரும்பிக் கதவைச் சாத்தினான்.

"கம்பெனிக்காரன் ஃபில்டர் அனுப்பறத நிறுத்திட்டான்," என்றான். "எட்டு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பிளான்ட்டை மூடுறேன்னு சொன்னா, ஓடாத பிளான்ட்டுக்கு நிதி எதுக்குன்னு அதையும் நிறுத்துவான். நான் என்ன பண்றது? கொஞ்ச நாளைக்குச் சமாளிப்போம்னு..."

"சமாளிச்சீங்க."

"ஊருக்காகத்தான்."

"அப்ப நம்ம பொண்ணு ஊர்ல சேத்தி இல்லையா?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"பதினோரு பிள்ளைங்க விழுந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். ராத்திரி பூரா நான் உக்காந்து அழுதேன். எந்தப் பாத்திரத்துல தப்பு பண்ணேன், எந்தக் கரண்டியில தப்பு பண்ணேன்னு ஒவ்வொண்ணா உங்ககிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவிக் குடுத்தீங்க."

"யாரும் செத்தா போயிட்டாங்க? எல்லாம் தேறிடுச்சுல்ல? அந்த ஒண்ணும் நாளைக்கு எழுந்து உக்காந்துடும்." ஒரு அடி முன்னால் வந்தான். குரலைக் குழைத்துக்கொண்டான். "இங்க பாரு. இன்னிக்கு ஒப்பந்தம் முடியட்டும். ராவோட ராவா எல்லாத்தையும் கழுவி, புது ஃபில்டர் போட்டுடறேன். நீ இந்த ஜாடியைக் கொண்டு போய் மேடம் முன்னாடி வெச்சா என்ன ஆகும்? எல்லாம் நின்னு போகும். உன் ஒருத்தி பேரு நல்லாருக்கணும்னு மூணு ஊர் தண்ணிக்கு நாக்கைத் தொங்கப் போடணுமா?"

அவள் தோளைத் தொட்டான். அவள் விலகினாள். அடிக்கிற மாதிரியோ தள்ளுகிற மாதிரியோ இல்லை. நடக்கும்போது சாக்கடை குறுக்கிட்டால் விலகுவோமே, அப்படி.

அவன் முகம் சுருங்கியது. அடி வாங்கியிருந்தால்கூட அவனுக்கு அத்தனை உறைத்திருக்காது.

"தம்பி," என்றாள் அவள். "மோட்டாரை நிறுத்து."

தம்பி மாமாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு மீட்டர் அறைக்குள் போய் மெயினை இறக்கினான். எட்டு மாதமாக அழுக்கைத் தள்ளிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

*

மூன்று மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் உட்கார இடமில்லை. மேடையில் கம்பெனி மேடம், பக்கத்தில் தலைமை ஆசிரியை, அதற்கடுத்து குழுவின் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். எல்லார் முன்னாலும் பளபளவென்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர். மேடைக்குப் பின்னால் அதே கேன் கவிழ்ந்திருந்தது.

செக்ரட்டரி மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சில் அவனை அடிக்க ஆள் கிடையாது. "நம்ம தலைக்கு மேல சும்மா போய்க்கிட்டிருந்த காத்து, இன்னிக்கு நம்ம வீட்டுக் குழாய்ல தண்ணியா வருது" என்றான். கை தட்டினார்கள். அவள் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியம் அவளுடையது. முதல் வருஷம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னது. அதையும் எடுத்துக்கொண்டான்.

நடுவில் விட்டிருந்த பாதையில் அவள் நடந்தாள். பேச்சு தடுமாறியது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மேடை ஏறி, மேடத்துக்கு முன்னால், ஒப்பந்தத் தாள்கள்மேலேயே ஜாடியை வைத்து மூடியைத் திறந்தாள்.

முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது என்னம்மா?" என்றார் மேடம்.

"இந்த ஸ்கூல் பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. பிளான்ட்டுல ஃபில்டர் ஒண்ணுகூட இல்ல. கிணத்துத் தண்ணி நேரா வருது. எட்டு மாசமா."

"மேடம், மன்னிக்கணும், இது வீட்டுச் சண்டை," என்று செக்ரட்டரி மைக்கை மூடிக்கொண்டு குனிந்தான். "இவ என் ஒய்ஃப். வேலை போன வருத்தத்துல..."

"பாத்திரம் நான் கழுவலைன்னு இவரே எழுதிக் குடுத்த தாளைப் படிச்சேன். கையெழுத்துப் போடல," என்றாள் அவள், மேடத்திடம்.

ஹாலில் இரைச்சல் கிளம்பியது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையின் அம்மா. தலை வாராமல், ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

"உன் பொண்ணு எந்தத் தண்ணி குடிச்சா?"

எல்லாத் தலையும் திரும்பியது.

இதற்கு ஒரு சாக்கு சொல்லலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. சமையலக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரியாமல் குடித்ததும் குடித்ததுதானே? கேட்காமல் இருந்தது அவள்தானே?

"எங்க வீட்டுக் கேன் தண்ணி," என்றாள். "பாட்டில்ல கொண்டுவருவா. நானும் வீட்ல அதைத்தான் குடிச்சேன்."

அந்தத் தாய் காறித் துப்பவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வை துப்பியதைவிட மோசமாக முகத்தில் வழிந்தது. சமையலக்கா துடைத்துக்கொள்ளாமல் நின்றாள்.

மேடம் எழுந்தார். ஜாடியின் மூடியை அவரே திருகி மூடினார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இந்த வருஷம் நாங்க யாரும் பிளான்ட்டுக்கு நேர்ல வரல," என்றார். "மாசாமாசம் போட்டோ வரும். போட்டோவைப் பாத்து, சரின்னு எழுதிக்கிட்டோம். அது எங்க தப்பு. அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேச எனக்கு யோக்கியதை."

யாரும் கை தட்டவில்லை.

"ஒப்பந்தம் நின்னு போகாது. அது ஊரோட போட்டது, செயலாளரோட போட்டது இல்ல. இங்க காத்து வீசுற வரைக்கும் உங்க பங்கு உங்களுக்குத்தான். நாளைக்கே டேங்கர் தண்ணி வரும், பிளான்ட்டைக் கழுவ ஆளும் வரும். ஆனா இந்தக் குழு இன்னியோட சரி. புதுக் குழுவை நீங்க இங்கயே, எல்லாரும் பாக்கத் தேர்ந்தெடுங்க. பிளான்ட்டை மாசம் ஒருதடவை திறந்து, யாரு வேணும்னாலும் உள்ள வந்து பாக்கலாம்னு எழுதிப்போம்."

அப்படியென்றால் ஒன்றும் நின்றுபோகாது. மூன்று ஊர் நாக்கைத் தொங்கப்போடும் என்று அவன் மிரட்டியதும் பொய். சமையலக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழுத்திலிருந்து வியர்வை இறங்கித் தேய்த்த காலரை நனைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் கைகளையே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"மேடம், ஃபில்டர் நீங்க அனுப்பவே இல்லையே? நான் மட்டும் என்ன செய்வேன்?" என்றான் அவன், கடைசியாக ஒரு கிளையைப் பிடிக்கிறவன் மாதிரி.

மேடம் தன் போனை எடுத்தார். எதையோ தேடினார்.

"அனுப்பியிருக்கோமே. ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை, நாலு ஃபில்டர் உள்ள பெட்டி. எட்டு மாசத்துல நாலு பெட்டி எங்க ஸ்டோர்லேந்து வெளிய போயிருக்கு. வாங்கிட்டேன்னு கையெழுத்தும் இருக்கு." போனைச் சமையலக்காவின் பக்கம் திருப்பினார். "இது யாரு கையெழுத்துன்னு தெரியுதாம்மா?"

தெரிந்தது. குண்டு குண்டான அழகான எழுத்து இல்லை. அவசரத்தில் கிறுக்கி, கடைசி எழுத்தின் வாலை ஒரு சுழி சுழித்து இழுத்துவிடுகிற கையெழுத்து. அவன் வேலையில் சேர்ந்த அன்று, முதல் முதலாகப் போட்டுக்காட்டி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்ட கையெழுத்து.

ஹாலின் கடைசியில், கதவில் சாய்ந்துகொண்டு அவள் தம்பி நின்றிருந்தான். அவள் பார்வை அவனைத் தொட்டதும் அவன் முகம் வெளுத்தது. காலையில் அவன் 'இன்னிக்கு வேணாம்க்கா' என்றது, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது, தரையையே பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது.

'தெரியலைங்க மேடம்' என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு தெம்பு ஏறியது. நீயும் என்னை மாதிரித்தான், வா பக்கத்தில் என்று கூப்பிடுகிற தெம்பு. அதைப் பார்த்ததும் அவளுக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

"என் தம்பி கையெழுத்து," என்றாள் சத்தமாக. கடைசி வரிசைவரை கேட்டது. "அதோ நிக்கிறான்."

கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. அவன் ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தான்.

"மாமா கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன்," என்றான். "வேலை வாங்கிக் குடுத்தவரு. ஏன்னு கேக்கல. உள்ள இப்படி இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"பெட்டிங்க எங்கடா?"

"நாலையும் நான்தான் வண்டியில வெச்சுக் கொண்டுபோய் இறக்கினேன்."

"எங்க?"

"டேய்!" என்றான் செக்ரட்டரி.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்க்கா. இங்க வேணாம்."

சமையலக்கா கூட்டத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த அந்த அம்மா இன்னும் உட்காரவில்லை.

"குடிச்சது இவங்க பிள்ளைங்க," என்றாள். "இவங்க முன்னாடியே சொல்லு."

அவன் தலையைத் தூக்கினான். மாமாவைப் பார்க்கவில்லை. மேடத்தையும் பார்க்கவில்லை. மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில், கண்ணாடி டம்ளரைப் பாதி தூக்கி அப்படியே நிறுத்திவிட்ட தலைமை ஆசிரியையைப் பார்த்தான்.